மாலத்தீவு சஃபாரி படகு: முதல் முறை போகிறவர்களுக்கு

முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, காது அழுத்தத்தைச் சரிசெய்வது எல்லாம் 'ஓப்பன் வாட்டர்' என்னும் அடிப்படை டைவிங் பயிற்சியிலேயே வந்துவிடும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. படகிலேயே ஒரு வாரம் தங்கி, நாளுக்கு மூன்று டைவ் செய்யும் பயணத்துக்கு முதல் முறை கிளம்புகிறவர்களுக்கான குறிப்பு இது.

படி 1: மாதம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று. திறந்த கடலின் தெளிந்த நீர் கிழக்குப் பக்கக் கால்வாய்கள் வழியாகப் பவளத்தீவு வளையங்களுக்குள் பாயும். சுறா பார்க்க நல்ல காலம். மாந்தா திருக்கைகள் அப்போது பெரும்பாலும் மேற்குப் பக்கம் இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது தலைகீழாகும். பா பவளத்தீவில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாந்தாக்கள் கூட்டமாக இரை தேடுவதும் அந்தப் பருவத்தில்தான். ஆனால் அங்கே சிலிண்டரோடு இறங்க அனுமதியில்லை, ஸ்நார்க்கல் மட்டுமே.

படி 2: படகு

மாடியில் ஜக்குஸி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். காற்று நிரப்பும் கம்ப்ரசரும் சிலிண்டர்களும் தனித் தோணியில் இருந்தால், தூங்கும் படகில் இரைச்சலும் ஈரமும் இருக்காது. நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) உண்டா என்பதையும் கேளுங்கள். நாள்தோறும் பல டைவ் செய்யும்போது உடலில் சேரும் நைட்ரஜன் அதனால் குறையும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டம் விதித்த எல்லை 30 மீட்டர்; 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸை அந்த ஆழம்வரை பயன்படுத்தலாம். ஏறியதும் செருப்பை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வாரம் முழுக்க வெறுங்கால்தான். புது செருப்பு வாங்க வேண்டாம்.

படி 3: மிதவை

என்னைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். கால்வாயில் நீரோட்டம் இழுத்துப் போகும் இடத்தில்தான் மேலே வருவீர்கள். தோணி அங்கே தேடி வர வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண்டுபிடிப்பது படகோட்டிக்கு எளிதல்ல. நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாய் வடிவ மிதவை கண்ணில் படும். ஆகவே ஆளுக்கொரு மிதவை வேண்டும். 'வழிகாட்டியிடம் இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள்.

வாங்கும்போது அடிப்பக்கம் மூடிய, வாயால் ஊதும் வால்வு உள்ள, ஒல்லியான மிதவையாகப் பாருங்கள். அடி திறந்தது கயிறு தளர்ந்தால் காற்றைக் கொட்டிவிடும். பல்சக்கரம் வைத்த ரீல் எனக்குப் பிடிக்காது. அது சிக்கினால் உங்களையும் மேலே இழுத்துவிடும். விரலில் சுழலும் சாதாரண ஸ்பூலில் 15 மீட்டர் கயிறு போதும்.

மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக நிற்கும் 5 மீட்டர் ஆழத்தில் முதலில் அசையாமல் மிதங்கள். தலைக்கு மேலே படகோ ஆளோ இல்லை என்று பாருங்கள். மிதவையை விரித்து, கயிறு உங்கள் ரெகுலேட்டர் குழாய்களில் சுற்றவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நிறைய மூச்சை இழுத்து, ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்த மூச்சை அப்படியே மிதவைக்குள் ஊதி, தாமதிக்காமல் விட்டுவிடுங்கள். நுரையீரலில் இருந்த காற்றுதான் மிதவைக்கு மாறுகிறது என்பதால் நீங்கள் மேலே எழ மாட்டீர்கள். ஆக்டோபஸால் (மாற்று ரெகுலேட்டரால்) நிரப்பினால் சிலிண்டரிலிருந்து புதுக் காற்று சேர்ந்து உங்களையும் தூக்கும். பலர் அப்படித்தான் கற்றுத்தருகிறார்கள். புதியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

ஒரு மூச்சு போதுமா? 5 மீட்டரில் ஊதிய ஒரு லிட்டர் மேற்பரப்பில் ஒன்றரை லிட்டராகும். கீழிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தால் காற்று நுனிக்கு ஏறி மிதவை நிமிரும். மேலே வந்த பிறகு ஊதி முழுதாக நிரப்பலாம்.

ஸ்பூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்துச் சுழல விடுங்கள். மிதவை மேலே போகும்போது ஸ்பூலை ஜாக்கெட்டில் மாட்டவே கூடாது. சிக்கினால் கையை விட்டுவிடுங்கள். புது ஸ்பூல் வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் படகில் போய்க் கற்க நினைக்காதீர்கள். நீச்சல் குளத்தில் அலுக்கும்வரை செய்துவிட்டு, புதுச்சேரியிலோ அந்தமானிலோ கடலில் ஒரு முறை பாருங்கள்.

பிற்சேர்க்கை: விமானம், சாமான், வரி பற்றிக் கேட்டவர்களுக்கு

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது வேண்டும். 24 என்றால் நிம்மதி. படகிலிருந்து இறங்கியதும் ரிசார்ட்டுக்குக் கடல் விமானம் பதிவுசெய்திருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பலர் இதை மறக்கிறார்கள்.

டார்ச்சின் கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். மது பாட்டிலை நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. 'இமுகா' என்னும் பயணி விவரப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்புங்கள். 2025 ஜனவரி முதல் சஃபாரி படகுகளுக்குப் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். படகுக் கட்டணத்தில் அது அடங்குகிறதா, படகில் தனியாகக் கேட்பார்களா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.