வால்பேப்பரின் முதுகைப் பார்த்து வாங்குவது எப்படி

வால்பேப்பர் ஆலையொன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் ஒட்டியிருக்கும் தாளின் ஓரத்தைத்தான் என் கண் முதலில் தேடும். முன்பக்கத்துப் பூவும் கொடியும் எனக்கு எதையும் சொல்வதில்லை. அடித்தாள் எது, மேலே பூசியிருப்பது எது, எந்த மையில் அச்சானது என்பதையெல்லாம் ஓரமும் முதுகும்தான் சொல்லும்.

வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இது இயற்கையானதா?" கடையில் இதைக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பதிலாக நீங்களே செய்து பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் ஒரு துண்டு

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். ஆல்பத்தைத் தடவிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துண்டின் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டி, அங்கிருந்து மெதுவாகக் கிழியுங்கள். வெறும் காகிதமானால் சுலபமாகக் கிழியும். கிழிந்த விளிம்பில் வெண்மையான மெல்லிய இழைகள் பஞ்சுபோல் நிற்கும். நான்-ஓவன் தாள் அவ்வளவு எளிதில் கிழியாது. மரக்கூழ் இழைகளோடு பாலியெஸ்டர் இழைகளும் கலந்திருப்பதால் நீளநீளமாக இழுபட்டு வரும். வினைலானால், அதாவது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய தாளானால், அடியில் காகிதம் கிழிந்த பின்னும் மேலே ஒரு தோல் விடாமல் நிற்கும். விரலால் இழுத்தால் சற்று நீண்டு, பிறகுதான் அறும்.

அடுத்து, அச்சுப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஐந்து நிமிடம் பொறுங்கள். பூச்சில்லாத காகிதம் அதைக் குடித்துவிட்டுக் கருக்கும். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அது பிவிசியாகவும் இருக்கலாம், அக்ரிலிக்காகவும் இருக்கலாம். தண்ணீரால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் கூடத்தில் செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பூச்சின் மேல் அழுத்தி எடுத்து, மறுபடி சுடரில் காட்டுவோம். குளோரின் இருந்தால் சுடர் பச்சையாக எரியும். பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின் என்பதால் அந்தப் பச்சை தவறாமல் வரும். இதை வீட்டில் செய்யாதீர்கள். எழும் புகை நல்லதல்ல. புகையை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் நாங்களே செய்தோம். "மேற்பூச்சு பிவிசியா, அக்ரிலிக்கா?" என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டாலே போதும்.

மூன்றாவது, மணம். மிச்சத் துண்டை மணமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். திறந்தவுடன் முகருங்கள். பெயிண்ட் நெடியோ புதுப் பிளாஸ்டிக் நெடியோ மூக்கில் ஏறினால், அதே நெடி சுவர் முழுக்க இருந்தால் எப்படி என்று எண்ணிப் பாருங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: மணமில்லை என்பதாலேயே தாள் தூயதாகிவிடாது. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு சிறிய அளவில் இருந்தால் மூக்கு உணராது. நெடியடிக்கும் தாளைத் தள்ளுவதற்கு மூக்கு உதவும். ஒரு தாளை ஏற்பதற்கு ஆய்வறிக்கை வேண்டும்.

வினைல் என்று தெரிந்துவிட்டால்

பிவிசி இயல்பில் விறைப்பானது. சுருளாகச் சுற்றவும் சுவரில் படியவும் வேண்டுமானால் அதில் நெகிழ்வூட்டி சேர்த்தாக வேண்டும். அந்த நெகிழ்வூட்டி பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படிகிறது. தரையில் தவழும் குழந்தை கையிலும் வாயிலும் எடுத்துக்கொள்வது அந்தத் தூசியைத்தான். பழைய நெகிழ்வூட்டிகளான தாலேட்டுகள் சில இனப்பெருக்க நலனைக் கெடுப்பவை என்பதால், டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐபிபி ஆகிய நான்கும் சேர்ந்து நெகிழ்வூட்டிய பொருளின் எடையில் 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது என்ற வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே "தாலேட் இல்லை" என்ற வாசகத்தோடு நிற்காதீர்கள். அதற்குப் பதிலாக என்ன சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். டிஐஎன்சிஎச், டிஓடிபி என்று பெயர் சொல்லிப் பதில் தருபவருக்குத் தன் சரக்கு தெரியும். "அதெல்லாம் பாதுகாப்பானதுதான்" என்பது பதில் ஆகாது.

வினைலில் "மறுசுழற்சி செய்தது" என்று போட்டிருந்தால் இன்னும் ஒரு கேள்வி கூடுதல். பிவிசி வெப்பத்தில் சிதையாமலிருக்க முன்பு ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் 2015 இறுதிக்குள் அதை விட்டுவிட்டு, பெரும்பாலும் கால்சியம்-துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். பழைய பிவிசியை அரைத்துச் சேர்த்தால் பழைய ஈயமும் கூடவே வரும். ஈயத்துக்கான ஆய்வறிக்கையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தொட்டால் மெத்தென்று உப்பியிருக்கும் நுரை வினைல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூழ் நிலையில் உள்ள பிவிசியைத் தாளின் மேல் பூசி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பு வழியாக ஓட்டுவார்கள். கூழில் கலந்த அசோடைகார்பனமைடு என்ற பொடி வெப்பத்தில் சிதைந்து நைட்ரஜன் முதலான வாயுக்களை விட, பூச்சு உப்பி எழும். அந்தப் பொடி ஆரஞ்சு கலந்த மஞ்சள். எடை போடும் அறையில் இருந்த என் சக ஊழியரின் சட்டைக் காலரில் அந்த மஞ்சள் எப்போதும் படிந்திருக்கும். மூன்றாம் ஆண்டில் அவருக்கு மாடிப்படி ஏறினாலே நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பொடி மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடக்கூடியது. இதன் பொருட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்காரர் மூன்று நாள் சன்னலைத் திறந்து வைத்தால் நெடி போய்விடும். எடை அறைக்காரர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்தப் பொடியைச் சுவாசித்தார். பாதுகாப்பான வால்பேப்பர் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் காலர்தான்.

எனவே நுரை வினைல்தான் வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: பொடியாகப் போடுகிறீர்களா, ஏற்கெனவே கூழில் கலந்து வாங்குகிறீர்களா? அல்லது வெப்பத்தில் விரியும் நுண்கோளங்களைப் பயன்படுத்துகிறீர்களா? கூழும் நுண்கோளமும் அந்தத் தூசியை வெகுவாகக் குறைக்கும். ஆலையிலிருந்து பதில் வர ஒரு வாரம் ஆகலாம். ஆனாலும் கேளுங்கள். வாங்குபவர் கேட்ட கேள்வி எங்கள் கூடத்துக்கு வந்தபோதுதான் நிர்வாகம் எங்களையும் திரும்பிப் பார்த்தது.

முத்திரைகளை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. எஃப்எஸ்சி என்பது காட்டைப் பற்றியது. மரக்கூழ் பொறுப்பாகப் பராமரித்த காட்டிலிருந்து வந்ததா, மறுசுழற்சியா, இரண்டும் கலந்ததா என்று சொல்லும். மையைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. எஃப்எஸ்சி தாளின் மேல் பிவிசி பூசி விற்பது நடக்கிறது. அதில் பொய்யும் இல்லை.

அறைக் காற்றைப் பற்றிச் சொல்வது உமிழ்வுச் சோதனை. பிரான்சில் கட்டாயமாக ஒட்டப்படும் ஏ பிளஸ் முதல் சி வரையிலான வகைப்பாட்டில், ஏ பிளஸ் பெற வேண்டுமானால் 28 நாளுக்குப் பிறகு ஒரு கன மீட்டர் காற்றில் ஃபார்மால்டிஹைடு 10 மைக்ரோகிராமுக்கும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் மொத்தம் 1000 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். கிரீன்கார்ட் கோல்டு (Greenguard Gold) என்ற உமிழ்வு முத்திரை இதைவிடக் கண்டிப்பானது. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் முத்திரையில் வால்பேப்பருக்கென்றே தனி விதி உண்டு. பெரும்பகுதி பழைய காகிதத்தால் ஆன தாள்களுக்கே அது கிடைக்கும். முத்திரையைப் பார்த்ததோடு விடாமல் சான்றிதழ் எண்ணைக் கேட்டு, அதில் நீங்கள் வாங்கும் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ரகத்துக்கு வாங்கிய சான்றிதழை ஆல்பம் முழுக்கக் காட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

மைக்கு அதிகம் அலைய வேண்டாம். நீர் சார்ந்த மையும் லேடெக்ஸ் மையும் நல்லவை. புற ஊதா ஒளியில் இறுகும் மையும் முழுதாக இறுகியிருந்தால் சரியே. புட்டிச் சோதனையில் காரமான நெடி வந்தால் அது அரைகுறையாக இறுகியது. கரைப்பான் சார்ந்த மையில் அச்சடித்ததைப் படுக்கையறைக்கு நான் எடுக்க மாட்டேன்.

சுவரும் பசையும்

நல்ல தாளையும் ஈரச் சுவர் கெடுத்துவிடும். 1775-இல் வேதியியலர் ஷீலே கண்டுபிடித்த பச்சை நிறமியில் ஆர்சனிக் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வால்பேப்பர்களில் அது ஏராளம். ஈரமான அறையில் அந்தத் தாள் தீங்கு செய்கிறது என்று 1839-இலேயே வேதியியலர் க்மெலின் எச்சரித்தார். ஆர்சனிக் நிறமியின் மேல் வளரும் பூஞ்சை நச்சு வாயுவை விடுகிறது என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ காட்டினார். இன்று அந்த நிறமி இல்லை. ஆனால் ஈரமும் பசையும் பூஞ்சையும் அப்படியே இருக்கின்றன. வினைல் ஈரத்தை வெளியே விடாது; வெளிச்சுவரில் ஒட்டினால் தாளுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படரும், வெளியில் ஒன்றும் தெரியாது. வெளிச்சுவருக்குக் காகிதமோ பிவிசி பூசாத நான்-ஓவனோதான் என் தேர்வு. அடிக்கடி துடைக்க வேண்டிய, உலர்ந்த உட்சுவரில் வினைல் பல ஆண்டு உழைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பசையைத் தூளாக வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். மெத்தில் செல்லுலோஸும் மாவுச்சத்தும் போதும். வாளியில் தயாராக வரும் பசை கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதையசோலினோன் வகைப் பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும்.

வீணாக்காமல் வாங்க

சுருளின் வழக்கமான அளவு 10.05 மீட்டர் நீளம், 53 சென்டிமீட்டர் அகலம். சுவர் 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் எட்டுப் பட்டைகள் வேண்டும். வெட்டி ஒழுங்குபடுத்த இடம் விட்டு ஒவ்வொன்றும் 3.10 மீட்டர். வெற்றுத் தாளில் ஒரு சுருளுக்கு மூன்று பட்டை, மொத்தம் மூன்று சுருள். பட்டைக்குப் பட்டை வடிவம் நேராகப் பொருந்த வேண்டிய தாளில், அது 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பினால் பட்டை 3.20 மீட்டர் ஆகும். அப்போதும் மூன்று சுருள்தான். 76 சென்டிமீட்டருக்கு ஒருமுறை என்றால் பட்டை 3.80 மீட்டர், சுருளுக்கு இரண்டே பட்டை, நான்கு சுருள். இந்தக் கூடுதல் தாள் நேராகக் குப்பைக்குப் போகிறது. வடிவம் திரும்பும் அளவு லேபிளில் அச்சிட்டிருக்கும். பிடித்த பூவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். எல்லாச் சுருளும் ஒரே தொகுதி எண்ணில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நிறம் மாறி, ஒட்டியதைப் பிய்க்க நேரிடும்.

பிய்க்கும்போது

பழைய வீட்டில் தாளுக்கு அடியில் ஈயப் பெயிண்ட் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நனைத்துச் சுரண்டுங்கள். நான்-ஓவன் மட்டும் நனைக்காமலே முழுப் பட்டையாக உரிந்து வரும். பிய்த்த தாளைப் பழைய காகிதத்தோடு போடாதீர்கள். பசையும் பூச்சும் கூழைக் கெடுக்கும். வினைலை எரிக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வரும்.

ஒட்டி முடித்ததும் மிஞ்சிய துண்டொன்றை நான் எடுத்து வைப்பது வழக்கம். அதன் முதுகில் பென்சிலால் தேதி, தொகுதி எண், அடித்தாள், மேற்பூச்சு, பசையின் பெயர் எல்லாவற்றையும் எழுதி மின்பெட்டிக்குப் பக்கத்தில் உறையில் போட்டுவிடுவேன். பதினைந்து ஆண்டு கழித்து அந்தச் சுவரைச் சுரண்ட வருபவருக்கு, தான் எதைச் சுவாசிக்கப் போகிறோம் என்பது அதில் எழுதியிருக்கும்.