போன்ஜூர் சொல்லிவிட்டு உட்காருங்கள்

திருப்பூரிலிருந்து பனியன் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை பாரிஸ் போகிற ஆள் நான். தங்குவது எப்போதும் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம். முதல் இரண்டு தடவையும் காலைச் சாப்பாட்டுக்குத் தங்கிய ஓட்டலிலேயே 18 யூரோ கொடுத்து, ஆறிப்போன முட்டையையும் ரப்பர் மாதிரி சீஸையும் தின்றேன். மூன்றாவது தடவைதான் தெருமுனை பிஸ்ட்ரோவுக்குள், அதாவது சின்ன உணவகத்துக்குள், நுழைந்தேன்.

நேரே கவுன்ட்டரில் போய் நின்று, "ஒன் காபி, ப்ளீஸ்" என்றேன். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "போன்ஜூர், முஸ்யூ" என்றார். நான் மறுபடி "காபி" என்றேன். அவரும் மறுபடி, இன்னும் நிதானமாக, "போன்ஜூர்" என்றார். அப்போதுதான் உறைத்தது, அது அவர்கள் ஊர் வணக்கம். வாசலில் நின்று "வாங்க" என்கிறவரிடம் பதில் பேசாமல் "சோறு இருக்கா?" என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. நானும் போன்ஜூர் சொன்னேன், காபி வந்தது. அதனால் எந்தக் கடையில் கால் வைத்தாலும் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும். ஆணென்றால் முஸ்யூ, பெண்ணென்றால் மதாம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்களில் வருவதுபோல "கார்சோன்!" என்று கூப்பிட வேண்டாம். அது "ஏ பையா" என்பது போல.

வந்த காபி மூன்று மடக்குதான், கன்னங்கரேலென்று. அங்கே "காஃபே" என்றால் எஸ்பிரஸோ. நம் நாக்குக்கு "க்ரெம்" கேளுங்கள். பெரிய கோப்பையில் நிறையப் பால் ஊற்றி வரும். டிகிரி காபியை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான். தனிப் பானமாக நினைத்தால் நன்றாகவே இருக்கும். சின்னக் காபியில் ஒரு சொட்டுப் பால் போதுமென்றால் "நுவாசெத்". கறுப்பாகவே, கொஞ்சம் தண்ணியாக வேண்டுமென்றால் "அலோன்ஜே". டீக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வெந்நீரும் ஒரு பையும்தான் வரும், பாலைத் தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை.

எங்கே உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறும். கவுன்ட்டரை அங்கே "ஸேங்க்" என்பார்கள். துத்தநாகத் தகடு போர்த்தியிருந்த காலத்துப் பெயர். அங்கே நின்றபடி குடித்தால்தான் மலிவு. கடைசியாக நான் நின்ற கடையில் காபி 1.50 யூரோ, அதே காபி வெளி மேசையில் 3 யூரோ. விலைப் பட்டியலை மாட்டியே வைத்திருப்பார்கள், ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளி மேசைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2008 முதல் காபிக் கடைகளுக்குள் புகைபிடிக்கத் தடை என்பதால், சிகரெட் கூட்டம் முழுக்க வெளியே இருக்கும். குளிரில்லாத காலையில் நான் உள்ளே கதவோர மேசையைப் பிடித்துக்கொள்வேன். தெருவும் தெரியும், புகையும் வராது. முள்கரண்டி, கத்தி எல்லாம் எடுத்து வைத்திருக்கும் மேசையில் மட்டும் காபிக்காக உட்காராதீர்கள். அது மதியச் சாப்பாட்டுக்கு.

சரி, சாப்பாடு. இட்லி, பொங்கல், வடை என்று வயிறு எதிர்பார்த்தால் அதை முதலில் சமாதானப்படுத்திவிட்டுப் போங்கள். "பெத்தி தேஜுனே" என்று பலகையில் எழுதியிருக்கும் காலை செட்டில் ஒரு சூடான பானம், ஆரஞ்சு ஜூஸ், ஒரு குரோசான் அல்லது தர்த்தீன், அவ்வளவுதான். எல்லோரும் குரோசானுக்கு ஓடுவார்கள். நான் தர்த்தீன் கட்சி. அரை பகெத் ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தருவார்கள், ஜாம் பக்கத்தில் வரும். ரொட்டியைக் கையாலேயே எடுத்து, நுனியைக் க்ரெம்மில் முக்கி எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு. மூன்று வரை விட்டால் துண்டு கோப்பைக்குள் விழுந்துவிடும். மேலோடு இன்னும் மொறுமொறுவென்று இருக்க, உள்ளே பஞ்சு காபியைக் குடித்திருக்கும். உப்பில்லாத வெண்ணெய் உருகி, ரசத்தில் நெய் மிதப்பதுபோல மஞ்சள் வட்டங்களாக மேலே நிற்கும். முக்கித் தின்றால் யாரும் ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள். பக்கத்து மேசைத் தாத்தாவும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

குரோசான் சாப்பிடுகிறவர்கள் அது எப்போது வந்தது என்று பாருங்கள். நல்லதென்றால் ஊட்டி வர்க்கி மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து மடியெல்லாம் துகள் கொட்டும். மெத்தென்று அமுங்கினால் நேற்றையது. சில கடைகளில் குரோசானே வைத்திருக்க மாட்டார்கள். அப்போது பக்கத்து பேக்கரியில் வாங்கிவந்து இங்கே காபியோடு சாப்பிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் தலையாட்டுவார்கள். கேட்காமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் கவனிக்க: குரோசானின் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய முட்டையால் வருவது. பிரியோஷ் என்கிற மெத்தென்ற ரொட்டியில் மாவிலேயே முட்டை உண்டு. பகெத்தில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நாலே சங்கதி. ஆகவே தர்த்தீன். "க்ரோக் முஸ்யூ" என்று சீஸ் டோஸ்ட் படம் போட்டிருந்தால் உள்ளே பன்றி இறைச்சி இருக்கிறது.

ஒருநாள் என் போன் பேச்சைக் கேட்டு, சமையல்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அண்ணை, இந்தியாவோ?" யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் லா ஷாப்பெல் என்கிற பகுதியே தமிழ்க் கடைத்தெருவாக இருக்கிறது. பாரிஸ் உணவகச் சமையல்கட்டுகளில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர். "காலமை ஏழு மணிக்கு வாங்கோ, பாண் அப்பதான் வந்திறங்கும்" என்றார். பாண் என்றால் ரொட்டி. மறுநாளே போனேன். அந்தச் சூட்டுக்கு வெண்ணெயைத் தடவவே தேவையில்லை, வைத்தாலே வழிந்தது.

தண்ணீர் வேண்டுமென்றால் "கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். வெறுமனே வாட்டர் என்றால் பாட்டிலைத் திறந்து காசு போட்டுவிடுவார்கள். பில்லை அவர்களாகக் கொண்டுவராவிட்டால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; எழுந்து போகச் சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிறார்கள். கண் பட்டதும் "லாதிசியோன், சில் வூ ப்ளே" என்று பில்லைக் கேளுங்கள். சர்வீஸ் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. நான் சில்லறையில் இருபது, முப்பது சென்ட் வைத்துவிட்டு வருவேன். ஒரு காபியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் விரட்டியதில்லை.

ஆகஸ்டில் மட்டும் உஷார். ஒருமுறை அந்த மாதத்தில் குடும்பத்தோடு போனேன். "வெண்ணெய் ரொட்டி, வெண்ணெய் ரொட்டி" என்று வழியெல்லாம் மனைவியிடம் புகழ்ந்துகொண்டே போனால், ஷட்டரில் ஒரு காகிதம்: விடுமுறை, செப்டம்பரில் திறப்போம். அன்று காலையும் ஓட்டலிலேயே அந்த ஆறிப்போன முட்டைதான், ஆளுக்கு 18 யூரோ.