சிங்கப்பூரில் காசில்லாமல் ஒரு மாலை

சிங்கப்பூர் என்றாலே பர்ஸ் காலியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய பூங்காவில் கண்ணாடிக் கூடங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் டிக்கெட்; வெளித்தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது இலவசம். 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்களுக்குக் கீழே தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளி, ஒலிக் காட்சி உண்டு. கால் மணி நேரம் முன்னதாகவே போய், ஒரு துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்துவிடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். படுத்துப் பார்க்கும்போது பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் கிளைகள் வானத்தையே மூடிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. முதல் காட்சி முடிந்ததும் மெரினா பே நீர்க்கரைக்கு நடந்தால், 9 மணிக்கு நீரூற்று, லேசர் காட்சி. அதுவும் இலவசம்.

பகல் பொழுதுக்கு, 1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள், வெயிலுக்கு முன் சுற்றிவிடலாம். உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம்.

சைனாடவுன் பக்கம் போனால், 1827இல் எழுந்த மாரியம்மன் கோவிலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம்.