தகர ஷெட் போடும் முன் காற்றைக் கணக்கில் எடுங்கள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் மாங்காய் மண்டிக்கு ஷெட் போடுபவர்கள் "கூரை எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். கோடைமழைக் காற்றில் கூரை அமுங்குவதைவிடப் பிய்த்துக்கொண்டு போவதுதான் அதிகம். ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான். பலத்த காற்று மேலே இழுப்பதோ அதைப்போல் பல மடங்கு. காற்றின் வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்கு.

லாரி வந்துபோக ஒரு பக்கம் திறந்தே இருக்குமா? இன்ஜினியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தூக்கும், காற்றின் விசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தின்படி கணக்கே மாறும். தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினின் இணைப்பு எல்லாம் அதற்கேற்பத்தான்.

அப்புறம், பின்னாளில் சோலார் வைக்கிற எண்ணம் இருந்தால், கூரை தாங்க வேண்டிய எடைக் கணக்கில் சதுர மீட்டருக்கு 15 கிலோவாவது இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.