பாட்டு எப்ப வரும்? சன்னி ரோலின்ஸ் கேட்கும்போது செய்யும் தவறுகள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நண்பர் ஒருவருக்கு என் போனில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் 'புளூ செவன்' போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இன்னும் பாட்டே ஆரம்பிக்கலீங்களே?" என்றார்.

ஆரம்பித்து நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு டக் வாட்கின்ஸின் பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் தனியாக நடந்து வருவதில்தான் தொடங்கும். போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்தான். நாலு பேர் வாசிக்கும் ஆல்பத்தில் ஒருவரை அப்படியே தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

'புளூ செவன்' இருக்கும் அந்த ஆல்பம், 'சாக்ஸபோன் கொலாசஸ்', 1956 ஜூன் 22 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பதிவானது. ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே வைத்திருந்த ஸ்டுடியோ அது. டெனர் சாக்ஸபோனில் ரோலின்ஸ், பியானோவில் டாமி ஃபிளனகன், டிரம்ஸில் மாக்ஸ் ரோச், பேஸில் வாட்கின்ஸ். மொத்தம் 5 பாட்டு.

சாக்ஸபோன் என்றாலே நமக்கு கத்ரி கோபால்நாத், இல்லையென்றால் சினிமாவில் வரும் சோகம். அந்தக் காதோடு வந்தால் ரோலின்ஸ் முரட்டு ஆளாகத் தெரிவார். கமகம் தேடாதீர்கள், தம்பூரா சுருதியையும் தேடாதீர்கள். 'புளூ செவன்' மெட்டில் சட்ஜத்துக்கு எதிரே பிரதி மத்திமம் வந்து குத்தும். நம் வீட்டுப் பெரியவர்கள் அபஸ்வரம் என்பார்கள். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்; 11 நிமிடமும் அந்த முள்ளைச் சுற்றியேதான் நகர்கிறது.

பாலக்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. கோயில் உற்சவத்தில் தாயம்பகை என்னும் செண்டைக் கச்சேரி கேட்டு வளர்ந்திருப்போம். செண்டைக்காரர் பதிகாலத்தில் மெதுவாகத் தொடங்கும்போது 'பாட்டு எப்ப வரும்' என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சொல்லை எடுத்து, உடைத்து, திருப்பிப் போட்டு வளர்ப்பதுதான் விஷயம் என்று தெரியும். இதே ஆல்பத்தின் 'செயின்ட் தாமஸ்' பாட்டில் ரோலின்ஸ் செய்வதும் அதுதான். அம்மா பாடிக் கேட்ட கரீபிய மெட்டு அது. தன் முறை வந்ததும் வெறும் 2 ஸ்வரத்தை வைத்துக்கொண்டு விளையாடுவார். ரோச்சின் தனிக்குப் பிறகு தாளத்தின் நடையே மாறும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம்.

இன்னொரு தவறு, கணக்கை விட்டுவிட்டு சாக்ஸபோனை மட்டும் துரத்துவது. 'புளூ செவன்' 12 பார் புளூஸ்; அதாவது நாலு நாலு அடியாக 12 பார் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒரு சுற்றுக்கு 48 அடி, அதாவது ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். ரோலின்ஸ் எங்கே மௌனமாகிறார், எங்கே சுற்றின் வாசலைத் தாண்டி வாக்கியத்தை இழுக்கிறார் என்பது அப்போதுதான் புரியும்.

விமர்சனத்தை முதலில் படிப்பதையும் தவிர்க்கலாம். 1958இல் இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் இந்தப் பாட்டை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து, கருவை வளர்த்துச் செல்லும் கற்பனைக்கு உதாரணம் என்று புகழ்ந்து எழுதினார். கட்டுரை அருமையானதுதான். ஆனால் பாட்டை வாசித்த ரோலின்ஸுக்கே அது தன்னைக் குறித்த கூச்சத்தைக் கிளப்பிவிட்டது. நமக்கு மட்டும் எப்படி முதல் நாளே உதவும்? பத்து தடவை கேட்ட பிறகு படியுங்கள்.

வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நண்பர் போன வாரம் ஹெட்போனோடு வந்தார். பெஞ்சில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டே கேட்டவர், மாக்ஸ் ரோச் தனி வாசிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "போச்சுங்க, விட்டுட்டேன்" என்றார். எனக்கும் அங்கேதான் விட்டுப்போகிறது.