பனிக்காலத்துல குடும்பத்தோட செஞ்சி ராஜகிரி ஏறப் போறீங்களா? இப்படி ப்ளான் பண்ணுங்க

சென்னைல இருந்து காலைல கிளம்பி, ஒரு மலை ஏறி இறங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும், கூட பசங்களும் வயசானவங்களும் இருக்காங்கன்னா நான் சொல்றது செஞ்சிக் கோட்டை தான். சுமார் 160 கிலோமீட்டர், கோட்டைல இருக்கிற பெரிய மலையான ராஜகிரி உயரம் கிட்டத்தட்ட 800 அடி, வழி நெடுக படி இருக்கு, வழி தவற வாய்ப்பே இல்ல. பர்வதமலை பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, அருமையான மலை தான், ஆனா அங்க பாறைல கடப்பாறையை அடிச்சு வெச்ச கடப்பாறை படி, இரும்பு ஏணி எல்லாம் வரும், முட்டி வலி இருக்கிற அம்மாவையும் ஆறு வயசு குழந்தையையும் வெச்சுக்கிட்டு அது வேண்டாம்.

எப்ப போகலாம்? செஞ்சி முழுக்க மொட்டைப் பாறை, நிழல் ரொம்ப கம்மி. சித்திரை வைகாசில பாறை சுட்டுடும், ஐப்பசி கார்த்திகைல மழை, படி வழுக்கும். அதனால டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும் தான் சரியான நேரம். முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போகாதீங்க, கூட்டத்துல குழந்தையைப் பிடிச்சுக்கவே நேரம் சரியாயிடும்.

காலைல அஞ்சு மணிக்கு கிளம்பிடுங்க. ஜிஎஸ்டி ரோடு, பரனூர் டோல், ஆத்தூர் டோல், திண்டிவனத்துல திருவண்ணாமலை ரோடு பிடிச்சா செஞ்சி. செங்கல்பட்டு தாண்டி ஏரி பக்கமெல்லாம் மார்கழி தைல மூடுபனி இருக்கும், லோ பீம்ல மெதுவா போங்க, ஹை பீம் போட்டா எதிர்ல வெள்ளையா சுவர் மாதிரி தான் தெரியும். கார் இல்லாதவங்க கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி செஞ்சில இறங்கி ஆட்டோ பிடிச்சுக்கலாம். ஒம்பது மணி வாக்குல கேட் கிட்ட இருந்தா நல்லது, ஏன்னா மதியத்துக்கு மேல லேட்டா போனா ராஜகிரி மேல விட மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். குடும்பத்துல யார் ரொம்ப மெதுவா நடப்பாங்களோ அவங்களை முன்னாடி விடுங்க. எல்லாரும் இதைத் தலைகீழா தான் பண்றாங்க, காலேஜ் பையன் முன்னாடி ஓடிடுவான், அப்புறம் நின்னு எல்லாரும் வர்ற வரைக்கும் ரெஸ்ட் எடுப்பான், பாட்டி மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ந்த உடனே அவன் திரும்ப கிளம்பிடுவான், ஆக ரெஸ்ட் தேவைப்படறவங்களுக்கு ரெஸ்ட்டே கிடைக்காது. பேசிக்கிட்டே ஏற முடியுதுன்னா வேகம் சரி, பேச்சு நின்னுடுச்சுன்னா உக்காந்துடுங்க. அதே மாதிரி எங்க இருந்தாலும் பன்னெண்டு மணிக்கு திரும்பிடணும்னு வீட்லயே பேசி முடிவு பண்ணிடுங்க. மேல போய் பேசினா "இன்னும் கொஞ்சம் தான்"னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. ஹார்ட், ஆஸ்துமா பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரட்டும்.

ஏற முடியாதவங்களுக்கு கீழயே நிறைய இருக்கு, கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில்னு நிதானமா பாக்கலாம். போன் சிக்னலை நம்பாம, எத்தனை மணிக்கு எங்க சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

உக்கார்ற இடத்துல பசங்களுக்கு கதை சொல்லுங்க, அது தான் அவங்களை ஏத்தி விடும். 1677ல சிவாஜி பிடிச்ச கோட்டை இது, அப்புறம் அவர் மகன் ராஜாராம் உள்ள இருந்தப்ப முகலாயப் படை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698ல தான் உள்ள வர முடிஞ்சுது. ஏன் அவ்வளவு நாள்னு பசங்க கேட்டா உச்சிக்கு முன்னாடி வர்ற பாலத்தைக் காட்டுங்க, கீழ ஆழமான பிளவு, பாலத்தை எடுத்துட்டா யாரும் தாண்ட முடியாது. அங்க மட்டும் குழந்தை கையை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. 2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடம், சுவத்துல பேர் கிறுக்க விடாதீங்க ப்ளீஸ்.

தண்ணி பெரியவங்களுக்கு ரெண்டு லிட்டர், பசங்களுக்கு ஒரு லிட்டர். குளிர்ல தாகம் தெரியாது, அதனால கேக்காமலே குடிக்கக் கொடுங்க. குரங்கு நிறைய, கைல கவர் எதுவும் வேண்டாம், எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைல. மேல கடலை மிட்டாய் போதும், புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் இறங்கி வந்து தான் பிரிக்கணும். ஸ்வெட்டர் காலைல கார்ல தேவைப்படும், ஏற ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல கழட்டிடுவீங்க, உள்ள காட்டன் சட்டை போட்டுக்கோங்க. தொப்பி அவசியம். செருப்பு வேண்டாம், கிரிப் இருக்கிற ஷூ.

இறங்கறது தான் முட்டிக்கு கஷ்டம். பழைய படிகள் ஒண்ணு உயரமா ஒண்ணு குட்டையா இருக்கும், உயரமான படில பக்கவாட்டுல திரும்பி ஒவ்வொரு காலா வெச்சு இறங்குங்க, ஒரு கம்பு இருந்தா இன்னும் நல்லது. பசங்களை ஓட விடாதீங்க. ரோடுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி சின்ன மலை தான், ஆனாலும் அதே நாள்ல ரெண்டையும் வேண்டாம், ராஜகிரி கஷ்டம்னு தோணுச்சுன்னா முதல்லயே கிருஷ்ணகிரிக்குப் போயிடுங்க.

மூணு மணிக்குள்ள அங்கிருந்து கிளம்பிடுங்க. முடிஞ்சா சனிக்கிழமை போங்க, ஞாயிறு சாயந்திரம் செங்கல்பட்டுல இருந்து பெருங்களத்தூர் வரைக்கும் வண்டி நகராது, தவிர அடுத்த நாள் எல்லாருக்கும் கெண்டைக்கால் பிடிச்சுக்கும், வீட்ல இருந்தா வெந்நீர் ஊத்திக்கிட்டு காலை நீட்டி உக்காரலாம்.