பருத்தி சுத்தம், சரி, தைத்தவருக்குக் கூலி?

ஒரு டி-ஷர்ட் வாங்கும்போது பக்கத் தையலுக்குள் ஒரு சின்னத் துணிப் பட்டை இருக்கும், புரட்டிப் பாருங்கள். சலவைக் குறிப்பு, 'மேட் இன் இந்தியா', சில உடைகளில் ஒரு சான்று முத்திரை. யாரையும் வதைக்காமல் செய்த உடைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். நல்ல மனசோடு வரும் அவர்கள் முதலில் ஏமாறுவது இந்தப் பட்டையில்தான்.

ஒரு முத்திரை இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். 'ஆர்கானிக் காட்டன்' என்று வெறுமனே எழுதியிருந்தால் அது வயலைப் பற்றிய பேச்சு. தைத்தவர் கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபேர்டிரேட் காட்டன் முத்திரை பருத்தி விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை கிடைக்கப் பார்த்துக்கொள்கிறது; ஆலைத் தொழிலாளர்களுக்கான அவர்களுடைய தரவிதி 2016-ல்தான், அதுவும் தனியாக வந்தது. ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரச் சான்றான ஜிஓடிஎஸ் (GOTS) கொஞ்சம் அகலமானது. குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும், பணியிட விதிகளும் உண்டு. பட்டையில் இருக்கும் உரிம எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத முத்திரையை நம்பாதீர்கள்.

அதற்காக, சான்றைக் கடைசி வார்த்தையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர் வந்துபோன நாளின் நிலவரம்தான் அது. கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு, பணியிட நிலைமையைப் பார்த்துக் கொடுக்கும் எஸ்ஏ 8000 சான்று கிடைத்தது. சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன.

நம் ஊர்க்காரர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு: உடை தையல் மெஷினில்தான் பிறக்கிறது என்று நினைப்பது. தையல் கம்பெனி வெளிச்சமாக, காற்றோட்டமாக இருக்கலாம். நூல் எங்கே நூற்றது? மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பல வருஷம் நடந்ததை மறக்க முடியுமா? மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பணம் வரவே இல்லை. சாயம் இன்னொரு கதை: நொய்யல் ஆறு கெட்டு, 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஆகவே ஒரு பிராண்ட் தன் சப்ளையர் பட்டியலை வெளியிட்டிருந்தால், அது தையல் கம்பெனியோடு நிற்கிறதா, நூற்பாலை, சாயப்பட்டறை வரை போகிறதா என்று பாருங்கள்.

விலை கூடினால் கூலியும் கூடியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட்; சனிக்கிழமை சம்பளம். அதே பனியன் வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குத் தொங்கினாலும் அந்தச் சனிக்கிழமைக் கவர் தடிமனாகிவிடாது.

அப்புறம், கோபத்தில் ஒரு நாட்டையே ஒதுக்குவது. டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். 'இனி வங்கதேசத் துணியே வேண்டாம்' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆர்டர் போய்விட்டால் முதலில் வேலை இழப்பது தைக்கிறவர்தான். அங்கே நிலைமையை மாற்றியது, தொழிற்சங்கங்களோடு 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்திட்ட கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம்.

நமக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று வந்தது. 2021-ல் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலியல் தொல்லையைக் கவனித்துப் புகார் சொல்ல, தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் வாங்கும் பிராண்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இப்படி ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா, எந்தச் சங்கத்தோடு என்று கேளுங்கள்.